வடை ஏன் விழுந்தது?

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி பாட்டில்தான் ஓடுகிறது. கிழமைக்குப் பாட்டு, எண்ணுக்குப் பாட்டு, காய்கறிக்குப் பாட்டு, கை கழுவுவதற்கும் ஒரு பாட்டு. டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய ஊர் ஒன்றில், இரண்டாம் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவரிசையில் ஒரு சிறுமி. எல்லாரும் கையைத் தூக்கும்போது தூக்கினாள், சுற்றும்போது சுற்றினாள், வாயும் அசைந்தது. பாட்டு முடிந்து கைகள் இறங்கின. அவளுடைய கை மட்டும் ஒரு நொடி பிந்தி இறங்கியது. அதன் பிறகுதான் அவள் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். டீச்சர் பக்கம் அது போகவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் மேலேயே இருந்தது.

"நல்லா சுறுசுறுப்பா இருப்பா சார். காதுதான் கேக்காது. ஆனா எல்லா ஆக்டிவிட்டியும் செஞ்சிடுவா" என்றார் டீச்சர். அன்போடுதான் சொன்னார். மதியம் அவள் சாப்பிட்டாளா என்று போய்ப் பார்க்கிறவர் அவர்.

எல்லாம் செய்துவிடுகிறாள் என்பது உண்மைதான். எதற்காகச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியுமா? கேட்டுப் பார்க்க அந்த வகுப்பில் ஒருவருக்கும் வழி இல்லை. அவளோடு பேச அங்கே யாருக்கும் ஒரு மொழி இல்லை.

நம் அரசுப் பள்ளிகளுக்குச் செயல்பாடு புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் முனைப்பில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறை அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. படம் போட்ட அட்டைகளும் ஏணி அட்டவணையும் வந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்ற பயிற்சிகளோடு ஆட்டமும் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் இன்னும் உறுதியாக வந்து உட்கார்ந்தன. பிரம்பையும் மனப்பாடத்தையும் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இந்த மாற்றங்களின் மேல் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் இதில் விடுபட்டுப்போகும் பிள்ளையைப் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

அட்டை காது கேளாத பிள்ளைக்கு வரம் என்று எல்லாரும் நினைக்கிறோம். கண்ணால் பார்ப்பது தானே! பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். பாட்டி, காக்கா, மரக்கிளை, நரி, கீழே விழும் வடை, வாயில் வடையோடு ஓடும் நரி. படங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் காது கேளாத பிள்ளை மற்றவர்களைவிடச் சீக்கிரமே அடுக்கிவிடுவாள். கண் கூர்மையான பிள்ளை. டீச்சர் 'டிக்' போடுவார். ஆனால் வடை ஏன் விழுந்தது? நரி புகழ்ந்தது, காக்கா மயங்கியது, பாட வாயைத் திறந்தது. கதையின் உயிர் அந்தப் புகழ்ச்சியில் இருக்கிறது. புகழ்ச்சிக்குப் படம் கிடையாது. நரி வாயைத் திறந்திருக்கும், அவ்வளவுதான் படத்தில் தெரியும். குரைக்கிறது என்றும் நினைக்கலாம், கடிக்க வருகிறது என்றும் நினைக்கலாம். காக்கா பயந்து வடையைப் போட்டது என்று அவள் புரிந்துகொண்டிருந்தால் அவளுடைய வரிசை சரி, கதை வேறு. இப்படி ஐந்து ஆண்டுகள் சரியான வரிசையும் வேறு கதையுமாகப் போய், ஆறாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் அவளால் முடியாது. உடனே 'புத்தி கொஞ்சம் மந்தம்' என்று எழுதிவிடுகிறோம்.

இந்தக் கதையைச் சைகையில் நடிக்க வைத்தால் வேடிக்கையான சிக்கல் ஒன்று வரும். கையால் பேசும் காக்கா வாயில் வடையை வைத்துக்கொண்டே தாராளமாகப் பேசலாம்; வடை விழவே விழாது. ஆகவே கதையை மாற்ற வேண்டும். வடை காக்காவின் கையில் இருக்கட்டும். நரியாக நடிப்பவன் 'உன் கை எவ்வளவு அழகு, ஒரு கதை சொல்லேன்' என்று சைகையில் கெஞ்சட்டும். காக்கா இரண்டு கையையும் விரிக்கும், வடை விழும். இதில் புகழ்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது, மயக்கம் முகத்தில் தெரிகிறது, ஏமாற்றம் கைக்கு வருகிறது. காது கேட்கும் பிள்ளைகளுக்கும் பழைய கதை புதிதாகிவிடுகிறது. இதற்குத் தேவையான செலவு ஒரு வடை.

பொம்மலாட்டம் இதைவிடக் கடினம். திரைக்குப் பின்னால் டீச்சர் மறைந்துகொள்கிறார். உதடும் இல்லை, முகமும் இல்லை. துணி ஒன்று ஆடுகிறது, சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். டீச்சர் திரைக்கு முன்னால் வந்து, பொம்மை பேசியதைத் தன் முகத்தாலும் கையாலும் சொல்லிவிட்டுப் பிறகு பொம்மையை ஆட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. காது கேட்பவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கலாம். காது கேளாத பிள்ளை ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்க முடியும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியர் அவளுக்கு முதுகைத்தான் காட்டுகிறார்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று சொல்வோரைக் கண்ணாடி முன் நிற்கச் சொல்ல வேண்டும். படம், மடம். பணி, மணி. பாலை, மாலை. குரலில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டில் எந்த வித்தியாசமும் இருக்காது. ககரம் தொண்டைப் பக்கம் பிறக்கிறது, வெளியே தெரியாது. ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். காது கேட்கும் பிள்ளையே தடுமாறும் இந்த எழுத்துகளை வைத்து 'சொல்வதை எழுதுதல்' நடத்தி அவளுக்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். அதற்குப் பதில் ஒரு பொருளைக் காட்டியோ, ஒரு செயலைச் செய்து காட்டியோ எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதுக்கும் அது இன்னும் நல்ல பயிற்சி.

கருவி மாட்டினால் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. தமிழ்நாட்டில் காது கேட்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். இது பெரிய சாதனை. வேறு பல மாநிலங்கள் பின்னால் வந்துதான் இதைத் தொட்டன. ஆனால் கருவி கேட்க வைக்கும், புரிய வைக்காது. புரிவதற்கு வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றும் வியர்வையும் கருவிக்குள் இறங்கும். இரவில் அதைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 'கீ' என்று கத்தும், பிள்ளை கழற்றிப் பையில் போட்டுவிடும். தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டும்போது கருவி மழையைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். மின்விசிறியின் கடகடப்புக்கும் அதே கதி. வீட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அங்கே கதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், 'அவங்க அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்' என்று பாட்டி சமாதானம் சொல்வாள். நாக்கில் தேன் தடவுவார்கள், கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். மொழி மிக எளிதாகப் பிடிபடும் வருடங்கள் இப்படியே கழிந்துவிடும்.

பிச்சாவரத்தின் பிள்ளைகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு வகுப்பறை இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த காடு. சுற்றுலாக்காரர்கள் தினமும் படகில் போய்வரும் இந்தக் காட்டுக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் போய்வருவது அபூர்வம். இந்தக் காட்டில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி காதுக்குரியதே இல்லை. கண்ணுக்கும் விரலுக்கும் நாக்குக்கும் உரியது.

வெண்கண்டல் இலையை எடுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். மரம் தான் குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் இலையின் மேல் பொடிப் பொடியாக உப்பு மின்னுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுரபுன்னை இலையில் அப்படி உப்புப் படியாது. அது பெருமளவு உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. இரண்டு இலை, ஒரு நாக்கு, ஒரு 'ஏன்'. வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைத் தொட்டுப் பார்க்கலாம். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. மூக்கைப் பொத்திக் காட்டி, பிறகு கையை மேலே உயர்த்தி மூக்கைத் திறந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கிவிடும். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். ஒன்றைக் கையில் கொடுத்து எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். சேற்றுக் கரையில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். ஆண் நண்டு பெண்ணை அழைப்பதும் எதிரியை விரட்டுவதும் அந்த அசைவில்தான். கையால் பேசும் உயிரை முதன்முறையாகப் பார்க்கும் காது கேளாத பிள்ளையின் முகத்தை யாராவது அப்போது பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு பாடத்தைப் படகில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இந்தக் காட்டில்தான் இன்னும் நிற்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கொஞ்ச நாள் மறைத்துவிடும். 'தொடாதே' என்று படகிலிருந்து கத்துவது காது கேளாத பிள்ளையைச் சென்று சேராது. கண்ணையே நம்பி வாழும் பிள்ளைக்கு இந்த எச்சரிக்கைதான் முதலில் கிடைக்க வேண்டும். தில்லை இலையின் படம், ஆபத்துக்கான சைகை, கண்ணைப் பொத்திக் காட்டுதல். வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். இலை பறிப்பது ஆசிரியரின் வேலை, அதுவும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு. படகில் ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும், ஒன்றும் படிக்க முடியாது. ஏற்றவற்றம், வேர், மூச்சு, உப்பு, ஆபத்து, நண்டு என்று பத்துப் பன்னிரண்டு சைகைகளை இரண்டு நாள் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டால், அன்றைக்குப் படகில் காது கேளாத பிள்ளைதான் முதலில் எதையாவது கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொல்வாள். இது என் நம்பிக்கை மட்டும் அல்ல. காது கேட்கும் பிள்ளைகள் சைகையை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார்கள் என்பதை ஒரு முறை பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். டீச்சருக்குத் தெரியாமல் வகுப்பில் பேச ஒரு வழி கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்!

இந்தச் சைகைகளைக் கற்க வழி இருக்கிறது. 2015இல் தில்லியில் இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 2018இல் மூவாயிரம் சொற்களோடு வந்த அதன் காணொளி அகராதி 2021இல் பத்தாயிரத்தைத் தொட்டது. கைப்பேசியில் பார்க்கலாம். சிதம்பரத்தில் இதைப் பற்றிப் பேசினால் உடனே கோபுரத்தில் உள்ள நூற்றெட்டுக் கரணங்களும் பரதத்தின் முத்திரைகளும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பெருமைதான், ஆனால் இரண்டும் வேறு. முத்திரை பாட்டுக்குத் துணை வருவது. சைகைமொழி எதற்கும் துணை இல்லை, அது தன் காலில் நிற்கும் மொழி. அதற்கு இலக்கணம் உண்டு. கேள்விச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும், நாம் 'உன் பேர் என்ன' என்று கேட்பதைப் போலவே. புருவமும் தலையசைவும்கூட அந்த இலக்கணத்தில் சேர்ந்தவை.

சைகை அறிவு குறைந்தவர்களின் வழி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பெயரிலேயே 'ஊமை' என்பதைச் சுமந்த ஒருவரை வரலாற்றில் வைத்துக்கொண்டும் இப்படி நினைக்கிறோம். ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் அவரை எதிர்த்துச் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் ஆங்கிலப் படையாக அடுக்கிக் காட்டி, சைகையால் நேரம் குறித்து, வலது கையால் அவற்றைத் துடைத்துத் தள்ளினால் அதுதான் தாக்குதலுக்கான உத்தரவு. அந்த உத்தரவுக்கு ஒரு படையே எழுந்தது. துரும்பும் உள்ளங்கையும் போதும், எதையும் விளக்கலாம். மறுபக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கையைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஊமைத்துரையின் வீரர்கள் பழகியிருந்தார்கள். நம் இரண்டாம் வகுப்பு பழகவில்லை.

குறை பிள்ளையிடம் இல்லை, சூழலில்தான் என்பதற்கு அலையாத்திக் காடே ஒரு சாட்சி. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில் நிலம் தாழ்ந்து குழியானது. ஏறி வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது, உப்பு ஏறியது, பல இடங்களில் கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டினார்கள். நீர் வந்து போகத் தொடங்கிய பிறகு நட்ட கன்று நின்றது. அதுவரை எல்லாரும் கன்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அந்தக் காடு தன் பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது. முன்னால் இருந்த திட்டுகளில் பலர் மாண்டார்கள். அதற்குப் பிறகு கடலோரப் பள்ளிகளில் பேரிடர் ஒத்திகை ஒரு செயல்பாடாக நுழைந்தது. மணி அடிக்கும், டீச்சர் கத்துவார், பிள்ளைகள் வரிசையாக வெளியே ஓடுவார்கள். காது கேளாத பிள்ளையும் ஓடுவாள், மற்றவர்களைப் பார்த்து. பாட்டில் ஒரு நொடி பிந்தினால் நஷ்டம் இல்லை. இதில் பிந்தக் கூடாது. கழிப்பறையில் தனியாக இருக்கும்போது மணி அடித்தால் பார்த்து ஓடவும் அங்கே யாரும் இல்லை. மணியோடு சிவப்புக் கொடி, விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது, அவளைத் தோளில் தட்டி அழைத்துவரப் பொறுப்பேற்கும் இரண்டு பிள்ளைகள், ஓடுவது எதற்கு என்று படமும் சைகையுமாக ஒரு தனிப் பாடம். கடலூர் மாவட்டம் 2011இல் தானே புயலையும் பார்த்தது. ஒவ்வொரு பருவமழைக்கும் முன் இந்த ஒத்திகை நடந்தாக வேண்டும். விளையாட்டு விழாவில் நடக்கும் மியூசிக்கல் சேரிலும் அந்தக் கொடியையே பயன்படுத்தலாம். பாட்டு நின்றது தெரியாமல் அவள் முதல் சுற்றிலேயே வெளியே போவதை வருடா வருடம் கைதட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தாலும் ஒரு குறை மீதி இருக்கும். ஒரு கிராமப் பள்ளியில் காது கேளாத பிள்ளை பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். மொழி ஒற்றை ஆளிடம் வளராது. நிகரகுவா நாட்டில் 1970களின் இறுதிவரை காது கேளாத பிள்ளைகள் வீட்டுக்கு வீடு தனித்தனியாக இருந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் அவர்களை ஒரே பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர்கள் உதட்டசைவும் ஸ்பானிய மொழியும் கற்பிக்கப் பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு புதிய சைகைமொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த சிறு பிள்ளைகள் அதைச் செழுமையாக்கினார்கள். இப்படிப்பட்ட சைகையைத்தான் 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டார்கள். கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது.

நம்மிடம் சிறப்புப் பள்ளிகள் உண்டு. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளிக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. அங்கே தோழர்கள் கிடைப்பார்கள், மொழி கிடைக்கும். ஆனால் ஐந்து வயதில் வீட்டை விட்டு விடுதிக்குப் போக வேண்டும். ஊர்ப் பள்ளியில் வீடு கிடைக்கும், மொழி கிடைக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்வது கொடுமை. ஒன்றியம் தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் உள்ள காது கேளாத பிள்ளைகளை வாரம் ஒரு நாள் அங்கே கூட்டலாம். ஒவ்வொருவரும் தன் வகுப்புத் தோழி ஒருத்தியையும் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பல்லாங்குழியும் தாயமும் ஆடட்டும். காது வேண்டாத ஆட்டங்கள் நம்மிடம் ஏராளம். பேருந்துச் செலவும் மதியச் சோறும் கொடுத்தால் அம்மாக்களும் வருவார்கள். பிள்ளையோடு பேச முடியாமல் தவிப்பவர்களில் முதல் ஆள் அம்மாதான்.

அந்த அறைக்குக் காது கேளாத பெரியவர் ஒருவர் ஆசிரியராக வர வேண்டும். காது கேளாத பெரியவர் எவரையும் பார்க்காமல் வளரும் பிள்ளைகளில் சிலர், பெரியவர்களானால் தங்களுக்கும் காது கேட்டுவிடும் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த பெரியவர்களுக்கெல்லாம் காது கேட்கிறதே! சைகைமொழி கற்பிப்பதற்கென்றே காது கேளாதவர்களுக்கு ஒரு பட்டயப் படிப்பு நம் நாட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அரசு வேலையில் நான்கு விழுக்காட்டை ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டைச் செவித்திறன் குறைந்தோருக்குத் தந்திருக்கிறது. படித்தவர்கள் இருக்கிறார்கள், சட்டமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டை ஒன்றியத்துக்கு அப்படி ஒருவரைப் போடச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதலாம்.